டன்னுக்கு எத்தனை கிராம்? – கோலார் தங்கவயலின் கல்லும் கணக்கும்

கீழ்பென்னாத்தூர் வழியாகப் போகும் திண்டிவனம் – கிருஷ்ணகிரி சாலையில் மேற்கே போய்க்கொண்டே இருந்தால் திருவண்ணாமலை, செங்கம், ஊத்தங்கரை தாண்டி கிருஷ்ணகிரி வரும். அங்கிருந்து வடக்கே திரும்பி மாநில எல்லையைக் கடந்தால் கோலார் தங்கவயல். சுருக்கமாக கே.ஜி.எஃப். நூறு வருடங்களுக்கு முன்பு மழை பொய்த்தாலும் கடன் முற்றினாலும் வட ஆற்காட்டுக் கிராமத்து ஜனங்கள் பிழைப்புக்குப் போன ஊர்களில் முக்கியமான ஊர் அது.

2018-ல் வந்த "கே.ஜி.எஃப்" படத்துக்கும் 2024-ல் வந்த "தங்கலான்" படத்துக்கும் பிறகு இந்தப் பெயர் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் படம் பார்த்தவர்களில் பலர், அங்கே தங்கம் கட்டி கட்டியாகக் கிடந்தது, வெட்டி அள்ளினார்கள் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் தங்கவயலின் மொத்த வரலாற்றையும் ஒரே ஒரு கேள்வியில் அடக்கிவிடலாம். ஒரு டன் பாறையை வெட்டி மேலே கொண்டுவந்து அரைத்தால் எத்தனை கிராம் தங்கம் கிடைக்கும்?

ஆரம்ப காலத்தில் அந்த எண் 40-க்கும் மேல். அதாவது டன்னுக்கு ஐந்து சவரன். சுரங்கத்தை மூடிய 2001-ல் அது 3, 4 கிராம்தான். அரை சவரன்! இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில்தான் ஒரு நகரம் உருவானது, மின்சாரம் வந்தது, பல்லாயிரம் பேர் உழைத்தார்கள், பலர் செத்தார்கள். அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

கடலுக்கடியில் பிறந்த பாறை

முதலில் பாறை. கீழ்பென்னாத்தூரிலிருந்து செஞ்சி போகும் வழியில் குன்று குன்றாக நிற்கும் கற்களைப் பார்க்கிறோம். தென்னிந்தியாவில் பெரும்பாலும் இப்படித்தான். கிரானைட், நைஸ் போன்ற வெளிர் நிறப் பாறைகள். எல்லாம் 250 கோடி வருடம் ஆன கிழட்டுப் பாறைகள். இவற்றில் தங்கம் தேடினால் ஏமாற்றம்தான்.

தங்கவயலில் மட்டும் இந்த வெளிர் பாறைகளுக்கு நடுவே கறுப்பாக ஒரு பட்டை ஓடுகிறது. வடக்கு தெற்காக சுமார் 80 கிலோமீட்டர் நீளம், அகலம் சில கிலோமீட்டர்தான். இதற்குக் கோலார் சிஸ்ட் பட்டை என்று பெயர். கர்நாடகத்தில் தொடங்கி ஆந்திராவின் சித்தூர் பக்கத்தைத் தொட்டு, தெற்கு நுனி கிருஷ்ணகிரி பக்கம் தமிழ்நாட்டுக்குள்ளும் நுழைகிறது. பாறைக்கு மாநில எல்லை தெரியாது!

இந்தக் கறுப்புப் பாறையின் பெயர் ஆம்பிபோலைட். பிறக்கும்போது அது எரிமலைக் குழம்பு. சுமார் 270 கோடி வருடங்களுக்கு முன்பு கடலுக்கடியில் வழிந்து உறைந்தது. எப்படித் தெரியும் என்று கேட்கலாம். எரிமலைக் குழம்பு தண்ணீருக்குள் வழிந்தால் மேல்தோல் உடனே குளிர்ந்து, தலையணைகளை அடுக்கிவைத்த மாதிரி உருண்டை உருண்டையாக உறையும். இன்றைக்கும் கடலடி எரிமலைகளில் இது நடக்கிறது. இந்த மாதிரி தலையணைப் பாறைகள் தங்கவயலுக்குப் பக்கத்தில் பெத்தபள்ளி என்ற இடத்தில் இருக்கின்றன. இந்திய புவியியல் ஆய்வுத் துறை அந்த இடத்தை தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது. இன்று தண்ணீர்ப் பஞ்சத்துக்குப் பேர்போன கோலார் மாவட்டம் ஒரு காலத்தில் கடலடி என்பது ஆச்சரியமான விஷயம்தான்.

பிறகு அந்தப் பாறை பூமிக்குள் அமுங்கி, வெந்து, நெரிந்து உருமாறியது. நெரியும்போது விரிசல்கள் விழுந்தன. ஆழத்திலிருந்து கொதிக்கும் நீர் அந்த விரிசல்கள் வழியாக ஏறியது. அது சுத்தமான நீர் அல்ல. சிலிக்கா, கந்தகம், கரியமில வாயு, அவற்றோடு மிக மிகக் கொஞ்சமாகத் தங்கம், எல்லாம் கரைந்த நீர். மேலே வர வர அழுத்தம் குறையும், சூடு குறையும். அப்போது கரைந்திருந்தவை விரிசல் சுவரில் படியும். வீட்டில் வெந்நீர்ப் பாத்திரத்தின் உள்பக்கம் உப்பு படிகிற மாதிரி. சிலிக்கா படிந்து குவார்ட்ஸ் ஆனது. நம் ஊரில் வெங்கச்சங்கல் என்று சொல்கிறோமே, அதுதான். தங்கம் அதற்குள் சிக்கிக்கொண்டது.

இப்படி உண்டான குவார்ட்ஸ் பாளத்துக்கு ரீஃப் என்று பெயர். தங்கவயலில் இருபதுக்கும் மேற்பட்ட ரீஃப்கள் ஒன்றுக்கொன்று இணையாக ஓடுகின்றன. அவற்றில் ராஜா சாம்பியன் ரீஃப். அகலம் சில அடிதான், சில இடங்களில் இன்னும் குறைவு. ஆனால் நீளத்தில் பல கிலோமீட்டர். மேற்கே சாய்ந்து இறங்கி, ஆழம் போகப் போக ஏறக்குறைய செங்குத்தாகிவிடுகிறது. ஒரு பெரிய கறுப்புப் புத்தகத்துக்குள் செருகிவைத்த வெள்ளைக் காகிதம் போல என்று வைத்துக்கொள்ளலாம். அந்தக் காகிதத்திலும் எல்லா இடத்திலும் தங்கம் சமமாக இல்லை. பாளம் மடங்கிய இடங்களில் அதிகம், மற்ற இடங்களில் ஒன்றுமே இருக்காது. இதனால்தான் தங்கச் சுரங்கத் தொழிலில் பாதி உழைப்பு வெட்டுவதில் போகிறது, மீதிப் பாதி தேடுவதில் போகிறது.

கல் சேகரிப்பவர் பார்வையில் தங்கவயல்

தபால்தலை, பழைய நாணயம் சேகரிப்பது போல உலகம் முழுவதும் கனிமங்கள் சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தங்கவயல் என்பது தங்கத்தோடு முடிகிற ஊர் இல்லை. அந்தக் கொதிநீர் தங்கத்தை மட்டுமா கொண்டுவந்தது? ஒரு பட்டாளமே கூட வந்தது.

முதலாவது குவார்ட்ஸ். தங்கவயல் குவார்ட்ஸ் வயல்வெளியில் கிடக்கும் வெங்கச்சங்கல் போலப் பால்வெள்ளை இல்லை. கருநீலம் கலந்த சாம்பல் நிறம், புகை படிந்த கண்ணாடி போல இருக்கும். அதில் தங்கம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. எப்போதாவது மஞ்சள் பொட்டு, மெல்லிய தகடு, நூலிழை என்று தெரியும். அப்படிப்பட்ட துண்டுக்கு அதிலுள்ள தங்கத்தின் விலையைவிட சேகரிப்பாளர்களிடம் மதிப்பு அதிகம். உருக்கினால் வெறும் தங்கம், உருக்காவிட்டால் 270 கோடி வருடக் கதை!

இரண்டாவது பைரைட். இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம். தங்கத்தைவிட அதிகமாகத் தங்கம் போல மினுக்கும். புதிதாக வருபவர்களை ஏமாற்றுவது இதுதான். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. மெருகு இல்லாத பீங்கான் ஓட்டில் தேய்த்தால் தங்கம் மஞ்சள் கோடு போடும், பைரைட் கரும்பச்சைக் கோடு போடும். நம் ஆசாரிகள் உரைகல்லில் உரசிப் பார்க்கிறார்களே, கிட்டத்தட்ட அதே தத்துவம். சுத்தியலால் தட்டினால் தங்கம் தட்டையாகும், பைரைட் பொடியாகும்.

பைரைட்டுக்குப் பங்காளி பைரோடைட். வெண்கல நிறம், காந்தத்துக்கு ஒட்டும். இன்னொன்று ஆர்சனோபைரைட். வெள்ளி போல வெளுப்பாக இருக்கும், உடைத்தால் பூண்டு வாசனை வரும். அந்த வாசனை ஆர்சனிக்கின் வாசனை, அதாவது பாஷாணம். சாம்பியன் ரீஃபுக்கு மேற்கே இருக்கும் ரீஃப்களில் குவார்ட்ஸை விட இந்தக் கந்தகக் கனிமங்கள்தான் தங்கத்துக்குத் துணை. இந்தப் பாஷாணம் கட்டுரையின் கடைசியில் மறுபடியும் வரும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது டூர்மலைன். கறுப்பு ஊசிகளாக, சில சமயம் விசிறி மடித்த மாதிரி குவார்ட்ஸுக்குள் நிற்கும். ஈயக் கனிமமான கலீனா, கையில் எடுத்தாலே அதன் கனம் தெரியும், சின்னச் சின்னக் கனசதுரங்களாக உடையும்.

எல்லாவற்றிலும் சுவாரஸ்யமானது ஷீலைட். பகல் வெளிச்சத்தில் பார்த்தால் சாதாரண வெளிர் கல், யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். இருட்டறையில் புற ஊதா விளக்கைக் காட்டினால் நீலவெள்ளையாக ஒளிரும். இது டங்ஸ்டன் உலோகத்தின் தாது. குண்டு பல்புக்குள் இருக்கும் இழை டங்ஸ்டன்தான். கடினமான எஃகு செய்யவும் வேண்டும், அதனால் யுத்த காலங்களில் இதற்குத் தனி மவுசு. தங்கம் எடுத்து முடித்த பிறகு வெளியே கொட்டிய மண்ணில் இந்த ஷீலைட்டும் இருந்தது. ஒரு காலத்தில் குப்பை என்று கொட்டியதையே பின்னாளில் தாது என்று திரும்பப் பார்க்க வேண்டி வந்தது.

ஆசைப்பட்டு யாரும் அங்கே போய்ப் பொறுக்க வேண்டாம். பழைய சுரங்க நிலம் அரசாங்கத்துக்குச் சொந்தமானது. எந்த இடத்தில் காலுக்குக் கீழே குழி இருக்கிறது என்று சொல்ல முடியாது. மூடாத குழிகளில் நச்சுக்காற்றும் நிற்கும். கல்லூரி அருங்காட்சியகங்களில் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்ப்பதே நல்லது.

ஒரு வண்டி மண்ணும் ஒரு பழைய கட்டுரையும்

வெள்ளைக்காரர்கள்தான் தங்கவயலைக் கண்டுபிடித்தார்கள் என்று பாடப்புத்தக ஞாபகத்தில் பலர் சொல்வார்கள். அது தவறு. அவர்கள் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அங்கே தங்கம் எடுத்திருக்கிறார்கள். பழைய குழிகளில் கிடைத்த மரத்துண்டுகளின் வயது சுமார் 1500 வருடங்கள் வரை போகிறது. பாறையை நெருப்பு மூட்டிச் சூடாக்கி, தண்ணீர் ஊற்றி வெடிக்கவைத்து, இரும்புக் கருவியால் பெயர்த்தார்கள். வெடிமருந்து இல்லாமல், பம்பு இல்லாமல், எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில்! தண்ணீர் ஊறிய ஆழத்துக்குக் கீழே அவர்களால் போக முடியவில்லை.

1799-ல் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு மைசூர் எல்லையை அளக்க வந்தவர் லெப்டினன்ட் ஜான் வாரன். 1802-ல் இந்தப் பகுதிக்கு வந்தபோது தங்கம் பற்றிய பேச்சு அவர் காதில் விழுந்தது. கொண்டுவந்து காட்டினால் சன்மானம் என்று அறிவித்தார். கிராமத்து ஜனங்கள் வண்டியில் மண்ணை ஏற்றிக்கொண்டு வந்து, அவர் கண்ணெதிரிலேயே கழுவிக் காட்டினார்கள். அடியில் தங்கத்தூள் நின்றது. உரிகம், மாரிக்குப்பம் பக்கம் கிராமத்தார் குழிகளில் இறங்கி வேலை செய்வதையும் அவர் பார்த்து எழுதிவைத்தார். பிறகு ஆளாளுக்கு முயன்றார்கள், உருப்படியாக எதுவும் நடக்கவில்லை.

எழுபது வருடம் கழித்து மைக்கேல் லாவெல் என்ற அயர்லாந்துக்காரர் வந்தார். நியூசிலாந்தில் போர் முடித்துவிட்டு பெங்களூர் கண்டோன்மென்ட்டில் ஓய்வாக இருந்தவர். வாரனின் பழைய கட்டுரையைப் படித்துவிட்டு, மாட்டுவண்டி கட்டிக்கொண்டு கோலாருக்குக் கிளம்பினார். 1873-ல் மைசூர் அரசிடம் அனுமதி கேட்டார், 1875-ல் குத்தகை கிடைத்தது. ஆனால் தோண்டத் தோண்டப் பணம்தான் போனது. உரிமையை ராணுவ அதிகாரிகள் குழு ஒன்றுக்கு விற்றுவிட்டார்.

1880-ல் லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் உள்ளே வந்தது. சுரங்கத் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்ட கம்பெனி. அவர்களுக்கும் முதலில் கையைக் கடித்தது. 1883-ல் மைசூர் கம்பெனியின் மூலதனம் கரைந்து, மூடிவிடலாம் என்ற நிலை. அப்போது கேப்டன் பிளம்மர் என்பவர் பழங்காலத்தவர் விட்டுப்போன குழிகளுக்குக் கீழே தோண்டிப் பார்த்தார். சாம்பியன் ரீஃப் தட்டுப்பட்டது! பெயர் தெரியாத அந்தப் பழைய ஆட்கள் எந்த இடத்தில் நிறுத்தினார்களோ, அந்த இடத்திலிருந்துதான் லண்டன் கம்பெனியின் லாபம் தொடங்கியது. இதை எந்தப் பேலன்ஸ் ஷீட்டிலும் எழுதவில்லை.

அதன் பிறகு எல்லாம் வேகம்தான். மைசூர், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க்கம், பாலகாட் என்று வரிசையாகச் சுரங்கங்கள். 1894-ல் பௌரிங்பேட்டையிலிருந்து மாரிக்குப்பத்துக்கு ரயில் கிளைப்பாதை வந்தது. பௌரிங்பேட்டைதான் இன்றைய பங்காரப்பேட்டை. 1902-ல் காவிரியின் சிவசமுத்திரம் அருவியில் மின்சாரம் எடுத்து, சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்துத் தங்கவயலுக்குக் கொண்டுவந்தார்கள். அந்தக் காலத்தில் உலகின் மிக நீளமான மின்பாதைகளில் ஒன்று அது. பெங்களூர் தெருக்களுக்கு மின்விளக்கு வந்ததே 1905-ல்தான். அதே 1905-ல் தங்க உற்பத்தி உச்சத்தைத் தொட்டது. ஒரே வருடத்தில் சுமார் 19 டன்.

ஆழம் கேட்ட விலை

ரீஃப் கீழே இறங்கியது, சுரங்கமும் கூடவே இறங்கியது. கடைசியில் சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டரைத் தாண்டி, சுமார் 3,200 மீட்டர் ஆழம் போனது. திருவண்ணாமலை மலை 814 மீட்டர்தான். நான்கு அண்ணாமலைகளைத் தலைகீழாக அடுக்கினால்தான் அந்தக் குழியின் அடி எட்டும்.

அந்த ஆழத்தில் இரண்டு எதிரிகள். ஒன்று சூடு. கீழே போகப் போக பூமி சுடும். அடிமட்டத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டியது. மேலிருந்து குளிரூட்டிய காற்றை அனுப்பாமல் மனிதன் நிற்க முடியாது.

இன்னொன்று பாறை வெடிப்பு. மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர மீட்டரின் மேலும் சுமார் 9,000 டன் பாறை உட்கார்ந்திருக்கிறது. தங்கவயல் பாறை மிகக் கடினம். கடினமான பாறை மெதுவாக வளைந்து கொடுக்காது, தாங்கும்வரை தாங்கிவிட்டு ஒரே நொடியில் சிதறும். முன்னறிவிப்பு எதுவும் இருக்காது. 1898-லேயே உரிகம் சுரங்கத்தில் இப்படி ஒரு வெடிப்பு பதிவாகியிருக்கிறது. அப்போது அதைக் காற்று வெடிப்பு என்று நினைத்தார்கள். பாறையே வெடிக்கிறது என்று பிறகுதான் புரிந்தது. பெரிய வெடிப்பு என்றால் மேலே ஊரில் வீடுகள் குலுங்கும். சுரங்கத்துக்குப் போன புருஷனோ பிள்ளையோ என்ன ஆனான் என்று பெண்கள் குழிவாய்க்கு ஓடுவார்கள். மரத்தூண்கள் போதாமல், மேலேயிருந்து கிரானைட் கற்களை இறக்கிச் சுவர் கட்டி முட்டுக் கொடுத்தார்கள். மேலே வந்தது தங்கம், கீழே போனது கருங்கல்.

இந்த ஆழத்தால் அறிவியலுக்கு ஒரு லாபம் கிடைத்தது. வானத்திலிருந்து பொழியும் மற்ற துகள்கள் அவ்வளவு பாறையை ஊடுருவி வர முடியாது, நியூட்ரினோ மட்டும் வரும். 1965-ல் பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் விஞ்ஞானிகள் சேர்ந்து 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் வளிமண்டல நியூட்ரினோவின் தடயத்தைப் பதிவு செய்தார்கள். உலகில் முதன்முதலில் அதைப் பதிவு செய்தவர்களில் அவர்கள் சேர்கிறார்கள். அந்த அறைகளைக் குடைந்தது சுரங்கத் தொழிலாளிகளின் கைகள்தான்.

யார் கை?

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 30,000 பேருக்கு மேல் அங்கே வேலை செய்தார்கள். பெரும்பாலானவர்கள் தமிழர்கள். வட ஆற்காடு, தென் ஆற்காடு, சேலம், சித்தூர் பகுதிகளிலிருந்து மேஸ்திரிகள் வழியாக வந்தவர்கள். அவர்களில் மிகப் பெரும் பகுதி தாழ்த்தப்பட்ட மக்கள். 1989 வரை இன்றைய திருவண்ணாமலை மாவட்டம் வட ஆற்காட்டைச் சேர்ந்ததுதான் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்தப் பக்கத்துக்கும் தங்கவயலுக்கும் உள்ள உறவு புரியும்.

ஊரில் நிலம் கிடையாது, தெருவில் செருப்புப் போட முடியாது, கூலி நெல்லாக வரும். தங்கவயலில் கூலி காசாக வந்தது. தட்டி வைத்த லைன் வீடுகள்தான், ஆனாலும் பண்ணையார் இல்லை. அதனால்தான் சாவு நிச்சயம் என்று தெரிந்தும் ரயில் ஏறினார்கள். அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் வலுவான கிளை இருந்தது. அவர் சென்னையில் நடத்திய "தமிழன்" பத்திரிகை, அவர் மறைவுக்குப் பிறகு தங்கவயலிலிருந்து வெளிவந்தது. படிப்பு, பள்ளிக்கூடம், சங்கம் என்று ஒரு புதிய தலைமுறையே அங்கே எழுந்தது. குழிக்குள் இறங்கியவர்கள் சமூகத்தில் மேலே ஏறினார்கள் என்று சொன்னால் மிகையில்லை.

ஆனால் விலை பெரிது. குவார்ட்ஸைத் துளைத்தால் பறக்கும் தூள் கண்ணாடித் தூள் போன்றது. நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது, அங்கேயே தழும்பாகிவிடும். இதுதான் சிலிகோசிஸ். பத்து, பதினைந்து வருடம் துளைத்தவன் நாற்பது வயதில் நாலு படி ஏற முடியாமல் மூச்சு வாங்குவான். தண்ணீர் பீய்ச்சித் துளைக்கும் முறை வந்த பிறகு தூள் குறைந்தது, ஆனால் ஏற்கனவே உள்ளே போனது போனதுதான். தங்கத்தைச் சிறைபிடித்து வைத்திருந்த அதே குவார்ட்ஸ், அதை விடுவித்தவனின் மூச்சைப் பிடித்துக்கொண்டது.

மரியாதை விஷயத்தில் தொழிலாளிகள் சும்மா இருக்கவில்லை. 1930 ஏப்ரலில் ஒவ்வொருவரும் கைரேகை வைத்துப் பதிவு செய்ய வேண்டும் என்று விதி வந்தது. கைரேகை என்பது குற்றவாளிக்குத்தானே! உறுதியான சங்கம் எதுவும் இல்லாத நிலையிலும் மூன்று வாரம் வேலைக்குப் போகாமல் நின்றார்கள்.

மூடிய கணக்கு

இனி கணக்குக்கு வருவோம். 1956-ல் மைசூர் மாநில அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது. 1962-ல் மத்திய அரசுக்குப் போனது. 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் லிமிடெட் என்ற பொதுத்துறை நிறுவனம் ஆனது. ஆனால் அரசாங்கம் கைக்கு வந்தது, நல்ல பகுதியெல்லாம் லண்டன் கம்பெனிகள் எடுத்து முடித்த பிறகு. டன்னுக்கு 40 கிராம் கொடுத்த பாறையின் டிவிடெண்ட் லண்டனுக்குப் போய்விட்டது. டன்னுக்கு ஒற்றை இலக்க கிராம் கொடுக்கும் பாறை, மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் மிச்சம் இருந்தது.

சாதாரணத் தொழிற்சாலைக்கும் சுரங்கத்துக்கும் இதுதான் வித்தியாசம். நூல் மில்லில் இயந்திரம் தேய்ந்தால் புதிது வாங்கலாம். சுரங்கத்தில் ஒவ்வொரு டன்னும் விற்கும்போது முதலே குறைகிறது. வருமானம் என்று நினைப்பதில் ஒரு பகுதி உண்மையில் முதல். மாடு பால் கறப்பதற்கும் மாட்டையே வெட்டி விற்பதற்கும் உள்ள வித்தியாசம்.

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள். அந்த நாட்களில் உலகச் சந்தையில் ஒரு அவுன்ஸ், அதாவது 31 கிராம் தங்கம், சுமார் 260 டாலர். டன்னுக்கு 4 கிராம் என்றே வைத்துக்கொண்டாலும் ஒரு டன் பாறையிலிருந்து கிடைப்பது 33 டாலர். அன்றைய மதிப்பில் 1,500 ரூபாய் சொச்சம். இந்தப் பணத்துக்குள் மூன்று கிலோமீட்டர் கீழே போய் வெட்டி, மேலே இழுத்து, தண்ணீர் இறைத்து, காற்றைக் குளிரவைத்து, கல்லை அரைத்து, சம்பளமும் கொடுக்க வேண்டும். முடியவில்லை. மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை இழந்தார்கள்.

அடுத்த இருபது வருடத்தில் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். 2020-ல் தங்கம் முதல்முறையாக அவுன்ஸ் 2,000 டாலரைத் தாண்டியது. அதே 4 கிராம் பாறை அப்போது 250 டாலர்! பாறை மாறவில்லை, கிராம் மாறவில்லை, விலை மட்டும் மாறியது. ஆனால் அதற்குள் குழிகளில் தண்ணீர் நிரம்பிவிட்டது. ராய்ச்சூர் மாவட்டத்தில் கர்நாடக அரசின் ஹட்டி சுரங்கம் தொடர்ந்து தங்கம் எடுத்துக்கொண்டிருக்கிறது. தங்கவயலோ, நூற்றாண்டிலேயே தங்கம் மலிவாகக் கிடந்த காலங்களில் ஒன்றில் மூடப்பட்டது.

மொத்தக் கணக்கு இது. சுமார் 120 வருடத்தில் 5 கோடியே 10 லட்சம் டன் பாறை வெட்டி 800 டன் தங்கம் எடுத்தார்கள். சராசரி டன்னுக்கு 16 கிராம், இரண்டு சவரன். தங்கம் கனமானது என்பதால் அந்த 800 டன்னும் நீளம், அகலம், உயரம் மூன்றும் பதினொன்றரை அடி உள்ள ஒரே அறைக்குள் அடங்கிவிடும். ஒரு படுக்கையறை!

வெளியே கிடக்கும் மலை

அறைக்குள் அடங்காதது வெளியே கிடக்கிறது. அரைத்த பாறைத்தூளில் சயனைடு கலந்து தங்கத்தைக் கரைத்து எடுத்த பிறகு, மிச்சத்தைப் பக்கத்திலேயே கொட்டினார்கள். இன்றைக்கும் தங்கவயலில் 13 மண்மேடுகள், சுமார் 3 கோடியே 30 லட்சம் டன். ஜனங்கள் அதை சயனைடு மேடு என்கிறார்கள். சயனைடு வெயிலிலும் காற்றிலும் வருடங்கள் போகப் போகச் சிதைந்துவிடும். சிதையாமல் இருப்பது அந்த ஆர்சனோபைரைட்டின் பாஷாணம். கந்தகக் கனிமங்கள் மழை பட்டால் அமிலமாகும். கோடைக்காற்றில் நைஸான தூள் ஊருக்குள் பறக்கும். சேகரிப்பாளர் பெட்டிக்குள் அழகாக இருந்த அதே கனிமங்கள் ஊருக்கு வெளியே விஷம்.

அந்த மேடுகளிலும் டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவாகத் தங்கம் இருக்கிறது. குறைவுதான், ஆனால் ஏற்கனவே வெட்டி, தூக்கி, அரைத்து வைத்த மண். விலை ஏறிய பிறகு அதுவே லாபம் தரும். 2024 ஜூனில் இந்த மேடுகளிலிருந்து தங்கம் எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. நுரையீரல் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் தினமும் விடியற்காலை மாரிக்குப்பம் ரயிலில் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போய் ராத்திரி திரும்புகிறார்கள். மேடுகளில் மறுபடி வேலை தொடங்கினால் தூசியும் வேலையும் யாருக்கு எவ்வளவு என்பதை முதலிலேயே பேசிக்கொள்வது நல்லது.

வணிகவியல் வகுப்பில் லாபம் என்பது வரவு கழித்தல் செலவு என்று சொல்லித்தருகிறார்கள். எதைச் செலவு என்று எழுதுவது என்பதுதான் கேள்வி. தங்கவயல் கணக்குப் புத்தகத்தில் டைனமைட் செலவு உண்டு, மின்சாரச் செலவு உண்டு, சயனைடு செலவு உண்டு. வெடித்த பாறையில் நசுங்கியவனும், நாற்பது வயதில் மூச்சு நின்றவனும், காற்றில் பறக்கும் மண்மேடும் முழுசாக எந்தப் பக்கத்திலும் ஏறவில்லை. அவற்றையும் சேர்த்திருந்தால் டன்னுக்கு 40 கிராம் கிடைத்த காலத்திலேயே அந்தச் சுரங்கம் லாபத்தில் ஓடியதா என்று திரும்பவும் கூட்டிப் பார்க்க வேண்டியிருக்கும்.